தலையணையின் மறுபக்கம்

பினாங்கில், சூலியா தெருவில், கடைக்கு மேலே
இரண்டாம் மாடியில் எங்கள் அறை.
ஏழு பேர். மெத்தை நான்கு.
சமையல்காரருக்கு மட்டும் தனி.
கணக்கு இதுவரை இடித்ததில்லை,
இரவும் பகலும் அடைக்காத கடை அது.
விடியலில் நான் வந்து விழுவேன்
மொஃபிசுல் எழுந்து போன பள்ளத்தில்.

இரண்டு வருடம் ஒரே மெத்தை.
பார்த்துக்கொண்டதென்னவோ படிக்கட்டில்தான்:
அவன் இறங்க, நான் ஏற,
சுவரோடு ஒட்டி வழிவிட்டு
"சுடா மக்கான்?"
"சுடா."
சாப்பிட்டாயா, சாப்பிட்டேன்.
அவனுக்குத் தமிழ் வராது, எனக்கு வங்காளம் வராது,
இரண்டு பேருக்கும் சேர்த்து இருபது வார்த்தை மலாய்.
மற்றபடி அவனை எனக்குக்
கடுகெண்ணெய் வாசனையாகத் தெரியும்.
போர்வையில் ஒட்டிய சுருட்டை முடியாக.
ஒருமுறை மெத்தைக்கடியில்
இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமியின் படமாக.
இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மார்ச் பதினெட்டாம் தேதி
மேசைகளை மடக்கினோம்.
நாற்காலிகளைச் சங்கிலியால் கட்டினோம்,
திருடுகிறவர்களுக்காக அல்ல, உட்காருகிறவர்களுக்காக.
பொட்டலம் மட்டும், அதுவும் பகலில்.
முதலாளி ஒவ்வொரு நெற்றிக்கும் நேராகத்
துப்பாக்கி மாதிரி ஒன்றைப் பிடித்து
முப்பத்தாறு புள்ளி நான்கு என்று
கறிக்கணக்கு நோட்டில் எழுதினார்.
பிறகு சொன்னார்:
ராத்திரி ஆட்கள் மேலேயே இருங்க.
சாப்பாடு உண்டு. சம்பளம் பிறகு பார்ப்போம்.

அன்று இரவுதான் தெரிந்தது
நாங்கள் ஏழு பேர் என்று.

ஒரு மீட்டர், ஒரு மீட்டர் என்றாள்
வானொலியில் ஒருத்தி.
செல்லையன் கொடிக்கயிற்றை அவிழ்த்து அளந்தான்.
அவள் பேச்சைக் கேட்டால்
மூன்று பேர் ஜன்னலுக்கு வெளியே படுக்கவேண்டும்.
சிரித்தோம்.
பிறகு தலைமாடு கால்மாடாகப் படுத்தோம்.
என் முகத்தருகே மொஃபிசுலின் குதிகால்:
பித்தவெடிப்பு, பாத்திரம் கழுவும் சோப்பு வாசம்.

தொண்டியிலிருந்து போன்.
"அங்கே எப்படி இருக்கு?"
"கடை திறந்துதான் இருக்கு" என்றேன்.
பொய் இல்லை.
அந்தப் பக்கம் அவனும் சுவரைப் பார்த்து
அதே குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.
மொழி புரியவில்லை. வாக்கியம் புரிந்தது.

ஒன்பதாம் நாள் இரவு அவன் இருமினான்.
ஒரே ஒரு முறை.
மின்விசிறியைத் தவிர எதுவும் அசையவில்லை.
அடக்கிப் பார்த்தான்,
அடக்கியதே இன்னொன்றாக வெடித்தது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.
செல்லையன் துண்டால் மூக்கை மூடினான்.
நான்,
சொல்லத்தான் வேண்டும்,
என் பாதி மெத்தையை
முழங்கையால் சுவர்ப்பக்கம் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன்.
பாதியாக இழுக்க முடிகிற பொருளா அது.
அவன் எழுந்தான்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
சத்தம் இல்லாமல் படிக்கட்டுக்குப் போனான்.

முழு மெத்தை கிடைத்தும் தூக்கம் இல்லை.
புழுக்கம். தலையணையைத் திருப்பிப் போட்டேன்,
மறுபக்கம் குளிர்ந்திருந்தது.
அப்போதுதான் உறைத்தது:
இரண்டு வருடமாக நான் வந்து படுக்கும்போதெல்லாம்
தலையணை குளிர்ந்தே இருக்கும்.
ஒவ்வொரு விடியலிலும் எழுந்து போகிறவன்
சூடான பக்கத்தைக் கீழே புரட்டிவிட்டுப் போயிருக்கிறான்.
நான் ஒரு மாலைகூடப் புரட்டியதில்லை.

கீழ்ப்படியில், பூட்டிய கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.
ஒரு மீட்டருக்கு எத்தனை படி?
ஐந்து படி விட்டு உட்கார்ந்து
தலையணையை எறிந்தேன்.
பிடித்தான். மடியில் வைத்துக்கொண்டான்.
"சுடா மக்கான்?" என்றேன்.
இரவு மூன்று மணிக்குக் கேட்கிற கேள்வியா.

"சுடா" என்றான்.
பிறகு கொஞ்ச நேரம் கழித்து,
"பெலும்."

இன்னும் இல்லை.
எங்கள் இருபதில் அதுவும் ஒன்று.
இதுவரை இரண்டு பேரும் எடுக்காத வார்த்தை.